சாவி கைமாறும் நாளில் எழுத வேண்டிய ஒரு தாள்

களியக்காவிளைச் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் குடியிருந்த குடும்பம் காலி செய்கிறது. கட்டிலும் பீரோவும் டெம்போவில் ஏறிவிட்டன. வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். இத்தனை நாளும் பீரோ மறைத்திருந்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து நிற்கிறது.

"நான் சாவி தந்தப்போ இப்படியா இருந்தது?"

"நாங்க வரும்போதே இருந்ததுதான் அண்ணே. அதை மறைக்கத்தானே பீரோவை அங்க போட்டோம்."

இரண்டு பேருமே நல்லவர்கள்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதில் அவரவர் நினைவு அவரவர் பக்கம் சாய்கிறது. 30,000 ரூபாய் அட்வான்ஸில் பத்தாயிரத்தைப் பிடிப்பேன் என்கிறார் ஒருவர். ஒரு பைசா விடமாட்டேன் என்கிறார் மற்றவர். வாசலில் டெம்போக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

இந்தத் தகராறுக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. ஆனால் குடிவந்த அன்று வீடு எப்படி இருந்தது என்பது எழுத்தில் இருந்தால்தான் அந்த விடை உதவும். போகிற நாளில் வரும் சண்டையை வருகிற நாளிலேயே தீர்த்துவிட முடியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எந்தச் சட்டம் நமக்கு?

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. அதன் இடத்துக்கு, வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய நகர்ப்பகுதிகளுக்கு இது பொருந்தும். களியக்காவிளை பேரூராட்சி என்பதால் இங்குள்ள வீடுகளும் கடைகளும் இதற்குள் வருகின்றன. அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமான கட்டடங்களும், வேலையோடு சேர்த்து நிறுவனம் தரும் குவார்ட்டர்ஸும் இதில் அடங்கா.

நாலா பக்கமும் உள்ள கிராம ஊராட்சிகளில் வீடு இருந்தால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பேசும். அதன் 108-ஆம் பிரிவு, உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமைகளைப் பட்டியல் போடுகிறது.

நம் ஊருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. இங்கே கடை வைத்து அங்கே குடியிருப்பவர்களும், அங்கே வீடு இருந்து இங்கே வாடகைக்கு இருப்பவர்களும் ஏராளம். கட்டடம் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டமே அதற்குப் பொருந்தும். ஆதார் அட்டையில் எந்த ஊர் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கேரளப் பக்கம் 1965-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. கட்டடத்தின் மதிப்போ பயனோ பெருமளவில், நிரந்தரமாகக் குறையும்படி குடியிருப்பவர் நடந்துகொண்டால் அவரைக் காலி செய்யச் சொல்ல அந்தச் சட்டத்தில் வழி உண்டு.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்

தமிழ்நாட்டுச் சட்டத்தை எடுத்தாலும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்தாலும் சேதத்தை அளக்கும் கோல் ஒன்றுதான். வாடகை தொடங்கிய நாளில் வீடு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திரும்பி வர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு.

இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லில்தான் பாதித் தகராறு கிடக்கிறது. மனிதர்கள் வாழ்ந்தால் வீடு தேயும். மூன்று வருடத்தில் சுவர்ச் சாயம் மங்குவது, வாசற்படி சிமென்ட் வழவழத்துப்போவது, மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுவது, காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிவது எல்லாம் தேய்மானம். இதற்காக அட்வான்ஸில் கை வைக்க முடியாது.

அம்மிக்கல் விழுந்து டைல்ஸ் உடைவது, ஏ.சி. மாட்டச் சுவரைத் துளைத்துவிட்டு அடைக்காமல் போவது, குழாயை மூடாமல் ஊருக்குப் போய் மாடியில் தண்ணீர் தேங்கி ஒழுகுவது ஆகியவை சேதம். வேண்டுமென்றே செய்தாலும், கவனக்குறைவால் நேர்ந்தாலும், வந்த விருந்தாளி செய்தாலும் பொறுப்பு குடியிருப்பவருடையதே. வேண்டுமென்றே அழித்தால் அது குற்ற வழக்காகவும் ஆகலாம்.

யார் எதைச் சரிசெய்ய வேண்டும்?

ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொண்டால் அதன்படி. எழுதவில்லை என்றால் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளை இப்படிப் பிரித்துத் தருகிறது.

வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவை:
- கூரை, சுவர், அஸ்திவாரம் போன்ற கட்டுமானப் பழுதுகள் (குடியிருப்பவர் ஏற்படுத்திய சேதம் தவிர)
- வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது
- தண்ணீர் பைப் லைன்களை மாற்றுவது
- உள்ளேயும் வெளியேயும் மின் ஒயரிங்

குடியிருப்பவர் பார்க்க வேண்டியவை:
- குழாய் வாஷர், குழாய் மாற்றுவது
- சாக்கடை அடைப்பு நீக்குவது
- கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது
- சுவிட்ச், பிளக் பாயின்ட்
- கதவு, அலமாரிகளின் பூட்டு, கைப்பிடி
- உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசுவலை
- தன் உபயோகத்தில் உள்ள தோட்டம், முற்றத்தின் பராமரிப்பு

சுருக்கமாகச் சொன்னால் வீட்டின் எலும்பும் நரம்பும் உரிமையாளருடையவை. தினமும் கை படுகிற சின்னச் சாமான்கள் குடியிருப்பவருடையவை.

ஓட்டின் மேல் விழுந்த தேங்காய்

நம் பகுதியில் வருடத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. அதனால் இங்கே சேதம் என்றாலே பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கலாம். வீட்டுக்காரரின் தென்னை கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. ஒரு ராத்திரி முற்றிய தேங்காய் விழுந்து இரண்டு ஓடு உடைகிறது. இதில் குடியிருப்பவர் தப்பு எதுவும் இல்லை. கூரை கட்டுமானத்தில் சேரும். ஆகவே செலவு வீட்டுக்காரருடையது.

குடியிருக்கும் அக்கா மறுநாளே உடைந்த இடத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, அடுக்களை மேல ரெண்டு ஓடு பொட்டிப் போச்சு, மழைக்கு முன்ன மாத்தித் தாங்க" என்று எழுதிவிட்டார் என்றால் அவர் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு மழை பெய்து கழுக்கோல் நனைந்து உளுத்தால் அந்த இழப்பும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

அக்கா எதுவும் சொல்லாமல் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு இரண்டு மழைக்காலத்தைக் கடத்தினால் கணக்கு மாறுகிறது. சேதத்தைக் கண்டதும் கூடிய சீக்கிரம் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டியது குடியிருப்பவரின் கடமை. ஓட்டின் விலை இன்னும் வீட்டுக்காரருடையதுதான். ஆனால் சொல்லாததால் உளுத்துப்போன மரத்துக்கு, "உங்கள் அலட்சியம்தான் காரணம்" என்று அவர் கேட்க இடம் உண்டாகிறது.

முதலில் பார்த்த ஓதச் சுவரும் இப்படித்தான். தரையிலிருந்து ஈரம் ஏறினால் அது கட்டடத்தின் குறை. குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகி, யாரிடமும் சொல்லாமல் விட்டதால் வந்த ஈரம் என்றால் குடியிருப்பவருக்கும் அதில் பங்குண்டு. சந்தேகம் இருந்தால் கொத்தனாரையோ பிளம்பரையோ அழைத்து இரண்டு பேரும் கூட நின்று பார்ப்பது, வாய்ச்சண்டையை விட மலிவு.

சொல்லியும் செய்யவில்லை என்றால்

குடியிருப்பவர் தன் பங்கு வேலையைச் செய்யாவிட்டால், உரிமையாளர் அதைச் செய்து முடித்து, ஆன செலவை முன்பணத்தில் கழிக்கலாம்.

உரிமையாளர் மறுத்தால், குடியிருப்பவர் தானே வேலையை முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 1882-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே உரிமையைத் தருகிறது. ஆனால் முதலில் எழுத்தில் கேட்டு, நியாயமான அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். பில், ரசீது எல்லாம் கையில் இருக்க வேண்டும். மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது என்கிறது. அந்த அளவைப் பின்பற்றுவது இரு தரப்புக்கும் நிதானம். பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாத நிலையில், எழுத்தில் கேட்டும் உரிமையாளர் அசையவில்லை என்றால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டை விட்டுப் போகும் உரிமையும் இருக்கிறது.

சேதத்தைப் பார்க்கவோ பழுது பார்க்கவோ வீட்டுக்காரர் உள்ளே வரலாம். ஆனால் நாளும் நேரமும் குறித்து, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிட்டு வர வேண்டும். தன் வீடே ஆனாலும், வாடகைக்கு விட்ட பிறகு நினைத்த நேரத்தில் கதவைத் திறக்க முடியாது. சேதத்துக்குக் கோபப்பட்டு மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது சட்டப்படி தவறு. பூட்டை மாற்றி ஆளை வெளியே தள்ளினால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம்.

புயலும் வெள்ளமும் கொண்டுபோனால்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் மரங்களைச் சாய்த்துக் கூரைகளைப் பிய்த்தது நினைவிருக்கும். 2021 நவம்பர் மழையில் தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படி மனித சக்திக்கு மீறி வரும் சேதத்துக்குக் குடியிருப்பவர் ஈடு கட்ட வேண்டியதில்லை.

வீட்டின் முக்கியப் பகுதி அழிந்து, இனி குடியிருக்க நிரந்தரமாக லாயக்கில்லாமல் போனால், வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் விருப்பம் குடியிருப்பவருடையது என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். அவர் தவறால் வந்த தீ என்றால் இந்தச் சலுகை கிடையாது. கட்டடம் இடிந்துவிட்டதே, வாடகை உரிமையும் போயிற்றா? முன்பு கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 'போயிற்று' என்றது. 2014-ல் ஷாஹா ரதன்சி கிம்ஜி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கட்டடம் விழுந்ததால் மட்டும் வாடகை உரிமை தானாக முடியாது, நிலமும் அதில் அடங்கும் என்றார்கள். சந்தைப் பக்கம் பழைய கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

போகும் நாளும் முன்பணமும்

ஒப்பந்தத்தில் வேறாக எழுதாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்து மீதியைத் திருப்ப வேண்டும். கழித்தால் கணக்கு காட்ட வேண்டும். 'வீடு அழுக்கா இருக்கு, பத்தாயிரம்' என்பது கணக்கு ஆகாது. எந்த அறை, என்ன சேதம், கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று பில்லோடு காட்டுவதே கணக்கு.

குடியிருப்பவர் மாட்டிய ஃபேன், ஏ.சி., அலமாரி அவருடையவை. கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் மாட்டுவதற்கு முன் இருந்த நிலைக்குச் சுவரைக் கொண்டுவந்துவிட்டுப் போக வேண்டும். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நிரந்தரமாக எதையும் கட்டக் கூடாது.

பேசித் தீரவில்லை என்றால் முதலில் போக வேண்டியது வாடகை அதிகாரியிடம். மாவட்ட ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். அதற்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கும் மேல் வாடகைத் தீர்ப்பாயம். அங்கே உங்கள் சொல்லுக்கு எடை வேண்டுமானால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். 11 மாதத்துக்குத்தானே என்று வெள்ளைத் தாளில் முடிக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

அந்த ஒரு தாள்

ஒப்பந்தத்தோடு இன்னொரு தாளையும் சேருங்கள். சாவி கைமாறும் நாளில் இருவரும் வீட்டைச் சேர்ந்து சுற்றி வாருங்கள். அறை அறையாக எழுதுங்கள்: 'முன்னறை வடக்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி ஓதம். அடுக்களை ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. சுவிட்ச் பெட்டி நன்றாக உள்ளது.' மின் மீட்டர் எண்ணையும் சாவிகளின் எண்ணிக்கையையும் குறியுங்கள். பீரோ போடப் போகும் சுவரை மறக்காமல் போட்டோ எடுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் போனால் அரை மணி நேரம் ஆகும். முகத்தைப் பார்த்து எழுதக் கூச்சமாக இருக்கும். 'நம்பிக்கை இல்லையா?' என்று ஒருவர் கேட்கக்கூடும். எழுதி வைப்பதால் நம்பிக்கை குறையாது. மூன்று வருடம் கழித்து பீரோ நகரும்போது, 'முன்னறை வடக்குச் சுவர்' என்ற வரியை இருவரும் சேர்ந்து படிப்பார்கள். டெம்போ கிளம்பிவிடும். வீட்டுக்காரர் வாசல் வரை வந்து வழியனுப்புவார்.