விளம்பரமும் உடலழகும்

பண்டம் ஒன்று உளது என்பதையும், அது கிடைக்கும் இடத்தையும், அதன் விலையையும் மக்களுக்கு அறிவித்தலே விளம்பரத்தின் ஆதிநோக்கமாகும். வணிகம் பெருகியபோது விளம்பரம் அவ்வளவில் நின்றுவிடவில்லை. பொருளை வேண்டுவோர்க்கு அறிவிப்பதிலும் பார்க்க, வேண்டுவோரையே உண்டாக்குதல் மிக்க இலாபந் தருவது என வணிகர் கண்டனர். உணவும் உடையும் ஓரளவுக்கு மேல் வேண்டப்படுவதில்லை. தன் உடலைப்பற்றி ஒருவர் கொள்ளும் மனக்குறைக்கோ எல்லையில்லை. ஆதலின், அழகுப்பொருள் விளம்பரங்கள் முதலிற் குறையை உணர்த்திப் பின்னர் அதற்கு மருந்தை விற்கும் முறையைக் கைக்கொண்டன.

இம்முறை பயன்தருவதற்கு மனித மனத்தின் இயல்பே காரணமாகும். தன்னை அளத்தற்குத் திட்டமான அளவுகோல் இல்லாதவிடத்து, மனிதன் பிறரோடு ஒப்பிட்டே தன்னை மதிக்கின்றான் என்பதை அமெரிக்க மனவியலறிஞர் லியோன் பெஸ்ரிங்கர் 1954-ஆம் ஆண்டில் விளக்கினார். முற்காலத்தில் இவ்வொப்பீடு உறவினரோடும் அயலவரோடும் அமைந்தது. விளம்பரமோ பல்லாயிரவருள் தெரிந்தெடுத்த ஒருவரைக் காட்டுகின்றது. அவரையும் உள்ளவாறே காட்டுவதில்லை. 2006-ஆம் ஆண்டில் டவ் சவர்க்கார நிறுவனம் வெளியிட்ட குறும்படமொன்று இதனை நன்கு புலப்படுத்திற்று. இயல்பான முகமுடைய பெண் ஒருத்தி ஒப்பனை செய்யப்படுகின்றாள், பின்னர்க் கணினியிற் கழுத்து நீட்டப்படுகின்றது, கண்கள் பெரிதாக்கப்படுகின்றன. ஈற்றில் வீதியோரப் பலகையில் விளங்கும் முகம் உலகில் எவருக்கும் உரியதன்று. அதற்குரியவள் எனப்படும் பெண்ணுக்கும் உரியதன்று. இல்லாத ஒருத்தியோடு தன்னை ஒப்பிடுபவள் தோற்பது திண்ணம்.

இத்தோல்வியின் விளைவு அற்பமானதன்று. பசுபிக் சமுத்திரத்திலுள்ள பீஜித் தீவினர் பருத்த உடலையே நலத்தின் அடையாளமாக மதித்து வந்தனர். அத்தீவின் ஒரு மாகாணத்துக்கு 1995-ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வந்தது. அப்போதும் மூன்றாண்டுகள் கழித்தும் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து அன் பெக்கர் அங்குள்ள பாடசாலை மாணவியரை ஆராய்ந்தார். உடல் மெலியும்பொருட்டு உண்டதைத் தாமே வாந்தியெடுக்கும் வழக்கம் முதல் ஆய்வில் எவரிடமும் காணப்படவில்லை. 1998-இல் நூற்றுக்குப் பதினொருவர் அவ்வாறு செய்வதாகக் கூறினர். இது விளம்பரத்தை மட்டும் பற்றிய ஆய்வன்று. தொலைக்காட்சி முழுவதையும் பற்றியதாகும். எனினும், அந்நியப் படிமமொன்று தலைமுறை தலைமுறையாக வந்த அழகுணர்ச்சியை எத்துணை விரைவில் அசைக்கவல்லது என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும்.

இத்தீங்கினை உணர்ந்த நாடுகள் சில சட்டத்தின் துணையை நாடின. பிரான்சில் 2017 ஒக்ரோபர் முதலாக, உருவத்தை மெலிவாகவோ பருமனாகவோ திருத்திய விளம்பரப் படங்களில் அது திருத்தப்பட்டதென்னும் குறிப்பு இருத்தல் வேண்டும். தவறினால் 37,500 யூரோ வரை தண்டம் விதிக்கப்படலாம். நோர்வேயில் இத்தகைய சட்டம் 2022 யூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், படம் பொய்யென்று அறிவு சொல்ல, கண் அதனோடு ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கும். மனவியலார் நடத்திய சோதனைகள் பலவற்றில் இக்குறிப்புக்களால் மனக்குறை பெரிதும் தணியவில்லை.

இந்தியாவில் இச்சிக்கல் உடற்பருமனிலும் பார்க்க நிறத்தைப் பற்றியே எழுந்தது. 'பெயர் அன்ட் லவ்லி' என்னும் பூச்சு 1975-ஆம் ஆண்டில் அங்கு விற்பனைக்கு வந்தது. கரிய நிறத்தால் வேலையும் மணமும் கைகூடாத பெண், பூச்சினால் வெளுத்து இரண்டையும் பெறுவதே அதன் விளம்பரக் கதைகளின் சாரம். நிறவேற்றுமையை விளம்பரம் படைத்தது என்றல் பொருந்தாது. மணமகள் தேடுவோர் நாவில் அது முன்னரே இருந்தது. விளம்பரம் அதற்கு நாள்தோறும் நீர் வார்த்தது. மாந்தளிர் போன்ற மாமை நிறத்தைப் பெண்ணின் பேரழகாகப் போற்றிய சங்கப் புலவரின் வழித்தோன்றல்கள், கார்வண்ணனாகிய திருமாலைக் கைகூப்பித் தொழுதுகொண்டே, தம் புதல்வியரின் நிறங்குறித்து வருந்துவது விந்தையன்றோ! கரிய நிறத்தோரை அழகற்றோராகவும் வாழ்வில் தாழ்ந்தோராகவும் காட்டலாகாது என இந்திய விளம்பரத் தரக் கழகம் 2014-இல் விதி வகுத்தது. 2020-ஆம் ஆண்டில் அப்பூச்சின் பெயர் 'குளோ அன்ட் லவ்லி' என மாற்றப்பட்டது.

இங்கு ஒன்று சிந்தித்தற்குரியது. பல வயதினரும் பலவகை உடலினருமாகிய பெண்களைக் காட்டி, இயல்பே அழகென 2004-ஆம் ஆண்டு முதல் முழங்கியது டவ் விளம்பரம். டவ்வுக்கும் மேற்கூறிய பூச்சுக்கும் உரிமை பூண்டது யூனிலீவர் என்னும் ஒரே நிறுவனமாகும். ஒரு நாட்டில் உள்ள உடலைப் போற்றவும் மறுநாட்டில் வெண்மையை வேண்டவும் கற்பித்தது ஒரே வணிகமே. எனவே, எல்லா உடலினரையும் விளம்பரத்திற் சேர்த்தல் வரவேற்கத்தக்கதேயாயினும், அதுவும் ஒரு விற்பனை உத்தியாய் முடிதல் கூடும்.

உண்மையான சேர்ப்பை அறிதற்கு ஓர் உரைகல் உண்டு. கரியவளோ, பருத்தவனோ, முதியவரோ, ஊன்றுகோலுடன் நடப்பவரோ விளம்பரத்தில் தோன்றும்போது, அவர் உடலே அங்குப் பேசுபொருளாயின் அவர் இன்னும் விலக்கானவராகவே கருதப்படுகின்றார். அவர் ஆசிரியராக, வைத்தியராக, தந்தையாக, தாயாக, தேநீர் பருகும் ஒருவராக இயல்பாய்த் தோன்றி, அவர் உடலைப்பற்றி எவரும் ஒன்றும் கூறாராயின், அன்றே அவர் உண்மையிற் சேர்க்கப்பட்டவராவார். அந்நிலை வரும்வரை, ஒரு விளம்பரத்தைக் காணும் மாணவன், 'இது எனக்கு எதனை விற்கின்றது?' என்பதோடு, 'அதற்குமுன் என்னிடம் எக்குறையைப் படைத்தது?' என்றும் வினவப் பழகுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பக் கற்றவனை மயக்குதல் எளிதன்று.