இன்னொரு குவளை எதற்கு?

வண்ணாரப்பேட்டைச் சந்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் வீட்டாருக்கு இரண்டு கவலை: வைத்தியச் செலவு, அக்கம்பக்கத்துப் பேச்சு. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகளும் உண்டு. டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்தவர்கள் நாம். நம் வீட்டுக்குள் இன்னொரு குவளை எதற்கு? புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஏச்சுகளைத் தாண்டிப் படித்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். ஆனாலும் முடங்கவில்லை. 1930இல் ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் தொடங்கினார். 1954இல் அவர் முயற்சியால் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அங்கேயே உழைத்தார். வீட்டுத் துயரம் ஊருக்கான தொண்டானது.

வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு இருந்தால் மறைக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சிகிச்சைக்குப் போகும் நாளில் அவர் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவோம்; ஒருவேளை சோறு கொடுப்போம். நம்மால் முடிந்த தொண்டு அது.