சேலம், நாமக்கல் பகுதியில் பெண்களைச் சிறப்பிக்கும் வழக்கம்

ஊருக்கு உழைத்த பெண்களை ஊரார் அறியச் சிறப்பிக்கும் வழக்கம் சேலம், நாமக்கல் சமவெளியில் பல வடிவங்களில் இருந்து வருகிறது. கல் நட்டு வழிபடுதல், திருமணச் சடங்குகளில் முதன்மை தருதல், விருது வழங்குதல், கிராம சபையில் பாராட்டுதல் ஆகியவை அவற்றுள் சில. ஒரு சமூகம் பெண்ணிடம் எதை உயர்வாகக் கருதியது என்பதை இந்த வடிவங்கள் காட்டுகின்றன. சில காலங்களில் அவளுடைய இறப்பு போற்றப்பட்டது. சில காலங்களில் அவளுடைய குடும்ப நிலை போற்றப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே அவள் செய்யும் வேலைக்காகப் போற்றுவது, பழைய சான்று ஒன்று இருந்தாலும், அண்மைக் காலத்தில்தான் பரவலாயிற்று.

பகுதியும் பெண்களின் உழைப்பும்

இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களும் ஒரு காலத்தில் ஒரே சேலம் மாவட்டமாக இருந்தன. 1965-இல் தருமபுரி பிரிந்தது. 1997 சனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானது. கிருட்டிணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது.

இப்பகுதியின் தொழில்கள் பலவும் பெண்களின் கைகளைச் சார்ந்தவை. ஆத்தூர், இராசிபுரம் வட்டாரச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் தோலை உரிப்பவர்களில் பெண்களே மிகுதி. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் அவர்கள் தார் சுற்றுகிறார்கள். சேலத்தில் வெள்ளிக் கொலுசு வேலையின் ஒரு பகுதி வீடுகளிலேயே நடக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் மஞ்சள் விளையும் வயல்களிலும் பெண்கள் கூலி வேலை செய்கிறார்கள். ஆனால் இத்தொழில்களைப் பற்றிப் பேசும்போது ஆலை உரிமையாளர், லாரி அதிபர், பண்ணையார் ஆகியோரின் பெயர்களே முதலில் வருகின்றன. பெண்களைச் சிறப்பிக்கும் வழக்கத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

பழைய வடிவங்கள்

கொங்கு நாட்டு ஊர்களில் 'வீரமாத்தி' என்ற பெயரில் பெண்ணுருவம் செதுக்கிய கற்களும் சிறு கோயில்களும் உள்ளன. கணவன் இறந்தபோது உடன் தீப்பாய்ந்து இறந்த பெண்ணின் நினைவாக எழுந்தவை இவை. தொல்லியலாளர்கள் இத்தகைய கற்களைச் சதிக்கல் என்று வகைப்படுத்துவர். குடும்பத்தார் அவளைக் குலதெய்வமாக வணங்குவதும் உண்டு. உடன்கட்டை ஏறும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அரசு 1830-இல் தடை செய்தது.

வாழும் பெண்ணுக்குக் கிடைத்த மதிப்புக்கு எடுத்துக்காட்டு அருமைக்காரி. கொங்கு வேளாளர் திருமணங்களில் அருமைக்காரர் எனப்படும் மூத்த தம்பதியரே சடங்குகளை நடத்தி வைப்பர். அந்த மனைவியே அருமைக்காரி. அவர் சொல்லுக்குப் பந்தலில் மறுப்பில்லை. ஆயினும் இந்த மதிப்பு மணவாழ்வோடும் பிள்ளைப்பேற்றோடும் பிணைந்தது. கணவனை இழந்த பெண்ணும் குழந்தை இல்லாத பெண்ணும் ஊருக்கு எவ்வளவு உழைத்திருந்தாலும் மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுங்கியே நிற்க வேண்டியிருந்தது.

இவற்றிலிருந்து வேறுபட்ட சான்று ஒன்றும் இதே நிலத்தில் உண்டு. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்தான். அதைப் பாராட்டி ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் 91-ஆம் பாட்டாக உள்ளது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் அவர் தூது சென்றதையும் அந்நூல் வழியாகவே அறிகிறோம். ஒரு பெண்ணின் அறிவும் சொல்வன்மையும் நெடுநாள் வாழ வேண்டும் என்று கருதி அளித்த பரிசு அது. வீரமாத்திக் கல் இறந்தவளுக்கு நடப்பட்டது. நெல்லிக்கனி வாழ்பவளுக்குத் தரப்பட்டது.

நூற்பும் கூலியும்

1925-இல் இராசாசி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை அதன் முக்கியப் பணிகள். மழை பொய்த்த ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் இராட்டையில் நூற்ற நூலை ஆசிரமம் விலை கொடுத்து வாங்கியது. நாட்டுக்குச் செய்யும் தொண்டு என்று நூற்பைப் புகழ்ந்ததோடு, அதற்குக் கூலியும் தரப்பட்டது. வேலையை மதிப்பதும் வேலைக்கு விலை தருவதும் சேர்ந்தே நடந்ததால், வீட்டில் இருந்த பெண்ணின் உழைப்புக்குக் கணக்கு உண்டாயிற்று.

தொட்டில் குழந்தைத் திட்டம்

இப்பகுதியின் வரலாற்றில் மறைக்க முடியாத ஒரு பக்கம் பெண் சிசுக்கொலை. பெண்ணைத் தெய்வமாக வணங்கிய ஊர்களிலேயே, பிறந்த சில நாட்களுக்குள் பெண் குழந்தைகள் கொல்லப்பட்டனர். வரதட்சணைச் செலவு, நிலம் பிரியும் என்ற அச்சம், ஆண் வாரிசு வேட்கை ஆகியவை இதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. வளர்க்க விரும்பாத குழந்தையைக் கொல்லாமல் அரசு மையத்தில் ஒப்படைக்கலாம் என்பதே திட்டம். 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் இது விரிந்தது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011-இல் இது 916 ஆக உயர்ந்தது. இந்த மாற்றத்தைத் தொட்டில் திட்டம் ஒன்றின் விளைவு என்று கூறிவிட முடியாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதற்கு எதிரான சட்டம், பெண் கல்வி, வருமானம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. கருவுற்ற தாய்மார்களை வீடுதேடிச் சென்று பார்த்தவர்கள், பிறந்த குழந்தையை மறுநாளும் போய்ப் பார்த்தவர்கள், மாமியாரிடம் வாதாடியவர்கள் ஆகிய பெண்களுக்கும் பங்குண்டு. கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் தொண்டு நிறுவனப் பெண்களும் செய்த இந்த வேலைக்கு எந்த ஊரிலும் கல் நடப்படவில்லை.

சுய உதவிக் குழுக்கள்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. வேளாண் மேம்பாட்டுக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உருவாக்கப்பட்டன. பின்னர் சேலம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு அத்திட்டம் விரிந்தது. 1997-98 முதல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவியது. ஆகவே தமிழ்நாட்டின் குழு இயக்கத்துக்குப் பழைய சேலம் மாவட்டமே விளைநிலம் எனலாம்.

குழுவின் செயல்முறை எளியது. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து வாரந்தோறும் சிறு தொகையைச் சேமிப்பார்கள். அத்தொகையிலிருந்து உறுப்பினர்களுக்குள் கடன் கொடுப்பார்கள். கணக்கு ஒழுங்காக இருந்தால் வங்கி கடன் தரும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் வங்கிக்குச் சென்று வருவார்கள், பதிவேடு எழுதுவார்கள். கந்துவட்டிக்குக் கடன் வாங்கிய வீட்டில் அவசரச் செலவுக்கு வேறு வழி பிறந்தது இப்படித்தான். தெருவிளக்கு, குடிநீர், ரேசன் கடை, சாராயக் கடை குறித்து மனுக் கொடுக்கும் இடமாகவும் பல குழுக்கள் மாறின.

சிறந்த குழுக்களுக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்கும் தமிழ்நாடு அரசு மணிமேகலை விருது வழங்குகிறது. தனி ஒருவருக்கு அல்லாமல் கூட்டாகச் செய்த வேலைக்குத் தரப்படுவது இதன் சிறப்பு. பரிசுத் தொகை குழுவின் கணக்கில் சேரும்.

குழு இயக்கத்தில் நாடறிந்த பெயர் மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை. நிலமற்ற விவசாயக் கூலியான இவர் களஞ்சியம் இயக்கத்தின் தலைவராக வளர்ந்தார். 2001 சனவரியில் தில்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் இவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனால் தமக்கு வீடு கட்டித் தருவதாகச் சொன்ன வாக்குறுதி நிறைவேறவில்லை என்று அவர் வெளிப்படையாகப் பேசியது 2024-இல் செய்தியாயிற்று. அதன் பிறகு மாநில அரசு அவருக்கு வீடு வழங்குவதாக அறிவித்தது. விருது வாங்கியவரின் அன்றாட வாழ்வை விருது தானாக மாற்றிவிடாது என்பதற்கு இது சான்று.

வெட்கத்தை உடைத்தவர்கள்: கௌசல்யா

ஊர் பேசவே கூசும் விசயத்தில் உழைக்கும் பெண்ணுக்குப் பாராட்டு எளிதில் கிடைப்பதில்லை. நாமக்கல்லைச் சேர்ந்த பெ. கௌசல்யா இதற்கு எடுத்துக்காட்டு. லாரித் தொழிலின் தலைநகரமான நாமக்கல், 2000-களில் எச்.ஐ.வி. பாதிப்பு மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது. நெடுந்தூரம் லாரி ஓட்டிய ஆண்களிடமிருந்து அவர்களுடைய மனைவியருக்குத் தொற்று பரவியது. திருமணத்தின் வழியே தொற்றுக்கு ஆளான கௌசல்யா, தம் நிலையைப் பொதுவெளியில் சொன்ன முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். 1998-இல் சென்னையில் வேறு சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கினார். மருந்து கிடைத்தல், சொத்துரிமை, குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் இத்தகைய பெண்களுக்கு நேரும் இடர்களை வெளிக்கொணர்ந்தது அந்த அமைப்பு.

பழைய அளவுகோலின்படி பார்த்தால் இப்பெண்கள் மங்கல நிகழ்ச்சிக்கே அழைக்கப்படாதவர்கள். ஊருக்கு அவர்கள் செய்த நன்மையோ பெரிது. 'யாருக்கும் தெரியக் கூடாது' என்று மறைந்து கிடந்தவர்கள் மருத்துவமனைக்கு வரத் துணிந்தது அவர்கள் பேசியதால்தான்.

இன்றைய விருதுகளும் பொறுப்புகளும்

தமிழ்நாடு அரசு துணிவுக்கும் வீரச் செயலுக்குமான கல்பனா சாவ்லா விருதைச் சுதந்திர தினத்தன்று வழங்குகிறது. பெண்கள் முன்னேற்றத்துக்கு உழைத்த ஒருவருக்கு உலக மகளிர் நாளான மார்ச் 8-ஐ ஒட்டி ஔவையார் விருது வழங்கும் வழக்கம் 2012 முதல் உள்ளது. தகடூரில் நெல்லிக்கனி பெற்றவரின் பெயரையே இவ்விருது தாங்கியிருப்பது பொருத்தம். நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் சிறந்த தூய்மைப் பணியாளர்களையும் சுய உதவிக் குழுக்களையும் பாராட்டும் நடைமுறையும் 2022 முதல் வந்துள்ளது.

2021 ஆகஸ்டில் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது கிடைத்தது. வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மருந்து கொடுப்பவர்கள் உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்களே. பள்ளிகளில் காலை உணவு சமைப்பவர்களும் பெரும்பாலும் குழுப் பெண்கள்தாம். திட்டம் பெறும் பெருமையில் இவர்களின் பெயரும், மாதந்தோறும் இவர்கள் பெறும் தொகையும் பேசப்பட வேண்டும்.

சிறப்புச் செய்வதன் இன்னொரு வடிவம் பொறுப்பைக் கையில் கொடுப்பது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒதுக்கியது. 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. தலைவரின் நாற்காலியில் கணவர் அமர்ந்து கையெழுத்து மட்டும் மனைவி போடும் ஊர்களும் உண்டு. அவருக்கு எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் அது சிறப்பாகாது. தீர்மானத்தை அவரே முன்மொழிந்து, செலவுக் கணக்கை அவரே படிக்கும் ஊரில் பொன்னாடை இல்லாவிட்டாலும் குறையில்லை.

உள்ளூரில் எப்படிச் சிறப்பிக்கலாம்

மாணவர்கள் தங்கள் ஊரிலேயே இதைச் செய்யத் தொடங்கலாம். ஊரில் நீண்ட நாள் பிரசவம் பார்த்தவர், சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர், குழுவின் முதல் ஊக்குநர், தூய்மைப் பணியாளர், தனித்து வாழ்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் ஆகியோரைப் பட்டியலிட வேண்டும். என்ன வேலை, எத்தனை ஆண்டு, என்ன கூலி, எதிர்ப்பு எங்கிருந்து வந்தது, இப்போது என்ன தேவை என்ற ஐந்து கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் விடைகளை அவர்கள் சொற்களிலேயே எழுத வேண்டும். வெளியிடுமுன் அவர்களுடைய இசைவைப் பெற வேண்டும். 'தியாகி', 'தெய்வம்' போன்ற பொதுச் சொற்களைத் தவிர்த்து, செய்த வேலையின் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் சிறியதாக இருக்கும்: முதியோர் உதவித்தொகைக்கு ஒரு மனு, வராமல் நின்ற கூலி, வீட்டுமனைப் பட்டா. அந்த மனுவை எழுதிக் கொடுத்து, கிராம சபையில் அதை எழுப்பி, கிடைக்கும்வரை தொடர்ந்து கேட்பதும் அவருக்குச் செய்யும் சிறப்புதான்.