பரிசில்லாத ஓட்டத்தின் பார்வையாளர்கள்

மோட்டார்ப் பந்தயத்தைக் காணச் செல்வோர் பலர்; மோட்டார் அப்பியாசத்தைக் காணச் செல்வோர் மிகச் சிலர். பந்தயத்தில், முதலாவதாக வரப்போகிறவர் யார் என்ற ஆவலே கண்ணை ஆட்கொண்டுவிடுவதால், வண்டி எவ்விதம் ஓட்டப்படுகிறது என்னும் நுட்பம் பெரும்பாலும் பார்வைக்குத் தப்பிப்போகிறது. அப்பியாச தினத்திலோ முதலிடமும் இல்லை, கோப்பையும் இல்லை; ஓட்டும் கலை ஒன்றே கண்முன் நிற்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலும், பந்தயம் இல்லாத சில நாட்களில், சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, தங்கள் வண்டியின் முழு ஆற்றலையும் பந்தயப் பாதையிலேயே பழகிப் பார்க்க இடமளிக்கிறார்கள். 'டிராக் டே' என்று வழங்கும் அந்த நாளில், ஓட்டுபவர்களின் சுற்றத்தாரும் நண்பர்களும் தவிர, பார்ப்பதற்கென்றே வந்து அமைதியாக நிற்கும் ரசிகர்கள் சிலரும் இருப்பார்கள். அந்தச் சிலருடைய கூட்டம் பெருக வேண்டும் என்பதும், அதில் நம் குழித்துறைப் பக்கத்து இளைஞர்களும் சேர வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ரப்பர்த் தோட்டமும் பந்தயப் பாதையும்

குழித்துறைக்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் வினவலாம். பந்தயப் பாதை நம் பக்கத்தில் ஏதும் இல்லைதான். ஆனால் அருமனை, களியல், குலசேகரம் என்று மலையடிவாரம் நெடுகப் பரந்து கிடக்கும் தோட்டங்களில், விடியுமுன்னே பால் வெட்டச் செல்லும் தொழிலாளர்களின் கைவண்ணத்தால்தான் தமிழ்நாட்டின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும் பகுதி விளைகிறது. அந்தப் பால் உறைந்து, ஷீட்டாக அடிக்கப்பட்டு, புகையில் உலர்ந்து, லாரி ஏறிச் சென்று, எங்கோ ஒரு தொழிற்சாலையில் டயராக மாறுகிறது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறிய கொட்டகையில் பிறந்த எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னர் டயர்த் தொழிலில் வளர்ந்து, இந்திய மோட்டார்ப் பந்தயத்தின் முக்கிய ஆதரவாளர்களில் ஒன்றாக நிலைத்திருப்பது பலரும் அறிந்ததே.

பந்தய டயரின் மேற்பரப்பில் செயற்கை ரப்பரே பெரும்பங்கு வகிக்கிறது என்பதையும், உட்சூடு குறைவாக எழும் குணத்தால் இயற்கை ரப்பர் லாரி, விமான டயர்களுக்கே அதிகம் வேண்டப்படுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், தரையைப் பற்றிக்கொள்ளும் ரப்பரின் சக்திக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லையில் நின்று தொழில் செய்வதற்கு எத்தகைய கை வேண்டும் என்பதையும் உணர்வதற்கு, ரப்பர் மரத்தை அறிந்த நம்மவர்களைவிடத் தகுதியானவர் யார்? கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயப்படும். சற்று மேலோடினால் பால் இறங்காது. அந்த நூலிழையளவு ஆழத்தைக் கை அறிந்திருப்பதே பால் வெட்டுபவரின் வித்தை. வளைவில் காரைத் திருப்புபவரின் வித்தையும் அதுவே. டயர் கொடுக்கக்கூடிய பிடிமானம் முழுவதையும் பெறுபவரும், அதற்கு ஓர் அணுவும் மேலே கேளாதவருமே தேர்ந்த ஓட்டுநர்.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை

தமிழர்கள் மோட்டார்ப் பந்தயத்தைப் பார்க்கப் பழகியது சோழவரத்தில். இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமைக்கப்பட்ட விமான ஓடுதளம், யுத்தம் முடிந்தபின் வெறுமனே கிடக்க, 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனையே பந்தயக் களமாக்கிக்கொண்டது. ஆண்டுதோறும் அங்கே திரண்ட ஜனங்களுக்கு, மன்னர் குடும்பத்தாரும் ஆலை அதிபர்களும் பட்டறை மெக்கானிக்குகளும் ஒரே தளத்தில் போட்டியிடும் காட்சி கிடைத்தது. பல்லாண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கிளப் சொந்தமாக நிலம் தேடி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 12 வளைவுகள் கொண்ட 3.717 கிலோமீட்டர் பாதையை அமைத்தது. 1990 முதல் அது இயங்கிவருகிறது. செட்டிப்பாளையத்துப் பாதை 2.1 கிலோமீட்டர் நீளமுள்ளது. அது தாங்கி நிற்பது எஸ். கரிவரதன் அவர்களின் பெயரை. மாருதிக் காரின் இன்ஜினைக் கொண்டு, பெருந்தனவந்தரல்லாத இளைஞர்களும் ஏறத்தக்க ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கித் தந்த அந்தக் கோவை மனிதர், 1995-ல் சிறு விமான விபத்தொன்றில் காலமானார். அவர் வகுத்த வழியில் முளைத்த தலைமுறையிலிருந்துதான் கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் அவரைத் தொடர்ந்தார்.

அண்மையில் நம்மவர்களின் ஆர்வம் மீண்டும் பெருகியிருக்கிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள வீதிகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, அங்கே கூடிய தமிழர்களின் ஆரவாரத்தை உலகமே பார்த்தது. நட்சத்திரத்தைக் காண வந்த அந்தக் கண்கள் ஓட்டும் நுட்பத்தையும் காணப் பழகிவிட்டால், அதைவிடப் பெரிய லாபம் இந்த விளையாட்டுக்கு வேறில்லை.

எதைப் பார்ப்பது?

டிராக் டேக்குச் செல்பவர் காலையிலேயே சென்றுவிட வேண்டும். ஏனெனில் முதல் பாடம் வண்டி புறப்படும் முன்பே தொடங்கிவிடுகிறது. டயரின் தேய்மானமும் காற்றும் சோதிக்கப்படும். இருக்கைக்கடியில் உருளக்கூடிய தண்ணீர்ப் புட்டி முதலியன வெளியே எடுக்கப்படும். பிறகு ஓட்டுநர்களைக் கூட்டிவைத்துக் கொடிகளின் பொருளைச் சொல்வார்கள். மஞ்சள் அசைந்தால் முன்னே ஆபத்து, எவரையும் முந்தலாகாது. நீலம் காட்டினால் பின்னால் விரைவான வண்டி வருகிறது, வழிவிட வேண்டும். கருப்பு காட்டப்பட்டவர் உடனே 'பிட்' எனப்படும் நிறுத்துமிடத்துக்குத் திரும்ப வேண்டும். சிவப்பு எழுந்தால் எல்லாரும் வேகம் தணித்துத் திரும்ப வேண்டும். கட்டங்கொண்ட கொடி அந்தத் தொகுதியின் முடிவு. வெயிலில் நாள் முழுதும் நின்று இக்கொடிகளை ஏந்தும் மார்ஷல்கள் பலர் தன்னார்வத் தொண்டர்கள். அவர்களுடைய கவனத்தின் மேல்தான் அன்றைய தினமே நடக்கிறது என்பதைப் பார்வையாளர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர், அனுமதிக்கப்பட்ட இடங்களுள், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடம் தெரியும்படியான ஒன்றைத் தேர்ந்துகொள்வது உத்தமம். நேர்ப்பாதையில் வேகம் காட்டுவது இன்ஜினின் சாமர்த்தியம். மனிதனின் சாமர்த்தியம் வெளிப்படுவது வளைவில். வளைவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு டயரின் பிடிமானம் அதிகம் தேவைப்படும். வேகம் இருமடங்கானால் அந்தத் தேவை நான்கு மடங்காகும். ஆகவே தேர்ந்த ஓட்டுநர் பாதையின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, வளைவின் உள் முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கே விரிந்து செல்வதன் மூலம், இறுக்கமான வளைவைத் தனக்கு அகலமானதாக ஆக்கிக்கொள்கிறார். ஒரே வளைவில் ஒரே வண்டியைப் பத்துச் சுற்றுகள் கவனித்தால், அவர் உள் முனையைத் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருப்பதும், புதியவர் தொடும் இடம் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே போவதும் தெளிவாகப் புலப்படும்.

பிரேக் விளக்கும் ஓர் ஆசிரியரே. பழகாதவரின் விளக்கு எரிந்து, அணைந்து, வளைவின் நடுவில் மீண்டும் மினுக்கும். அது அச்சத்தின் அடையாளம். பழகியவரின் விளக்கு உரிய இடத்தில் ஒருமுறை எரிந்து, வண்டி திரும்பத் தொடங்கும்போது அணைந்துவிடும். அழுத்தமாக மிதித்துப் பின் மெல்ல மெல்ல விடுவிப்பதால் முன்சக்கரங்களின் மேல் விழுந்த பாரம் சீராகத் திரும்பிச் செல்வதைக் காரின் மூக்கு தாழ்ந்து எழும் பாங்கிலேயே காணலாம். காதுக்கும் வேலை உண்டு. எல்லையை நெருங்கும் டயர் மெல்லிய முனகலாகத் தொடங்கி, எல்லையைக் கடக்கும்போது கிரீச்சென்று அலறும். அந்த முனகலிலேயே வண்டியை நிறுத்திவைப்பவர் கைதேர்ந்தவர். விலையுயர்ந்த பெரிய காரொன்று நேர்ப்பாதையில் அதிவேகமாக விலகிச் செல்ல, சாதாரணச் சிறிய கார் அடுத்த வளைவிலேயே அதன் பின்னால் வந்து நிற்கும் காட்சி, பணத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள பேதத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிடும்.

வண்டிகள் திரும்பி வந்தபின் நிறுத்துமிடத்திலும் கற்பதற்கு விஷயம் இருக்கிறது. ஓட்டத்தின் சக்தியைத்தான் பிரேக் உஷ்ணமாக மாற்றுகிறது. பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்குமானால், அந்த உஷ்ணத்தில் கொதித்துக் குமிழியிட்டு, மிதித்தால் பிடிக்காமல் போகும். அதனால்தான் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வண்டியை ஆறவிடுகிறார்கள். நிறுத்திய பிறகும், தகிக்கும் பிரேக்கை ஹேண்ட்பிரேக் போட்டு இறுக்காமல், கியரிலே விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார்கள். ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பேசப் பிரியமுள்ளவர்கள். வண்டி ஆறும்வரை காத்திருந்து மரியாதையாகக் கேட்டால், எந்த வளைவில் எதற்காகப் பொறுமை காத்தார்கள் என்பதை விரிவாகச் சொல்வார்கள்.

வேலிக்கு இப்பால்

பார்ப்பவருக்கும் தர்மம் உண்டு. அது ரத்தத்தால் எழுதப்பட்டது. 1955 ஜூன் 11 அன்று, பிரான்ஸ் தேசத்தின் லெ மான் பந்தயத்தில், பியர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் கார் முன்சென்ற காரின் மேல் மோதி எழும்பிச் சிதறியதில், பார்வையாளர் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் விளைவாகச் சுவிட்சர்லாந்து தன் மண்ணில் வட்டப் பந்தயங்களையே தடை செய்தது. நமக்கு மிக அருகில், இலங்கையின் தியத்தலாவையில், 2024 ஏப்ரல் 21 அன்று நடந்த பந்தயத்தில் கார் ஒன்று பாதை விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஏழு உயிர்கள் போயின. ஓட்டுபவர்க்கும் ஆபத்து நீங்கிவிடவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஜனவரியில், நெடுங்கால அனுபவசாலியான கே. ஈ. குமார் பந்தய விபத்தில் உயிரிழந்தார்.

ஆகவே வேலிக்கு இப்பால் நிற்பதும், மார்ஷல் காட்டிய இடத்தை விட்டு நகராதிருப்பதும், புகைப்படம் எடுக்கும் ஆசையில் பாதைக்கு முதுகு காட்டாதிருப்பதும், குழந்தையின் கையை விடாதிருப்பதும் கௌரவக் குறைவல்ல. ரசிகனின் முதல் இலக்கணம். வெயிலுக்குத் தொப்பியும், குடிக்கத் தண்ணீரும், காதுக்குப் பஞ்சும் கொண்டுசெல்வது நலம். பொதுஜனங்கள் எல்லா டிராக் டேக்கும் அனுமதிக்கப்படுவதில்லை. ஏற்பாடு செய்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அதன் பின்னரே குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும்.

ஊருக்குக் கொண்டுவர வேண்டியது

ஜெர்மனியில் 1927-ல் திறக்கப்பட்ட நியூர்பர்க்ரிங் பாதையின் மலைச்சுற்று 20 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. அங்கே இன்றும் சாமானியர்கள் கட்டணம் செலுத்தித் தம் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். அதைக் காண்பதற்கென்றே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வேலியோரம் வந்து அமர்கிறார்கள். வேகத்துக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிவைத்து, அங்கே அதற்கு மரியாதையும் விதியும் வகுத்த சமூகம், மற்ற இடங்களில் அதை அடக்கிவைக்கும் உரிமையையும் பெறுகிறது என்பதே இதில் நான் காணும் பெரும் பாடம்.

நம் நெடுஞ்சாலையோ குழித்துறையையும் மார்த்தாண்டத்தையும் ஊடறுத்துச் செல்வது, வளைவுகள் மிகுந்தது, பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குச் செல்லும் பெண்களும் கடப்பது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் ஓட்ட சக்தி எண்பதில் நான்கு மடங்காகிறது. பிரேக் போட்டபின் அது நிற்பதற்கு வேண்டிய தூரமும் நான்கு மடங்காகிறது. இந்த உண்மையைப் புத்தகத்தில் படித்த இளைஞன் மறந்துவிடலாம். பந்தயப் பாதையில் தலைக்கவசமும் அகன்ற ஓரமும் ஆம்புலன்ஸும் இருந்தும், தேர்ந்த ஓட்டுநர் எவ்வளவு முன்னதாகவே பிரேக்கை மிதிக்கிறார் என்று கண்ணால் கண்டவன் எளிதில் மறக்கமாட்டான். நீதிவாக்கியமும் அபராதமும் ஏற்படுத்தாத மாற்றத்தை, உயர்ந்த திறமையை நேரில் கண்டதால் பிறக்கும் வெட்கமும் ஆசையும் ஏற்படுத்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகையால், மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் தம் மாணவர்களை ஆண்டுக்கொரு முறையேனும் இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துச் செல்லட்டும். அப்படிச் சென்று வந்தவர்கள், ஆடி அமாவாசையை ஒட்டி நம் குழித்துறையில் நடக்கும் வாவுபலி பொருட்காட்சியில் ஒரு கடையளவு இடம் கேட்டுப் பெறட்டும். தேய்ந்த டயரையும் புது டயரையும், கொதித்த பிரேக் ஆயிலையும், ஐந்து வகைக் கொடிகளையும் அங்கே வைத்து, மலையடிவாரத்திலிருந்து பொருட்காட்சிக்கு வரும் ரப்பர்த் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் விளக்கிச் சொல்லட்டும். வேகத்தை நேசிக்கவும் அதன் எல்லையை மதிக்கவும் ஒருங்கே கற்ற ஒரு தலைமுறை நம் சாலைகளுக்கு இன்றியமையாதது. அதனை உருவாக்கும் பணியை இந்த ஆண்டே தொடங்கலாம்.