முதுகுவலிக்கு இரத்தப் பரிசோதனை எப்போது?

இடுப்பு பிடித்துக்கொண்டால் நம்மவர்கள் தைலம் தேய்ப்பார்கள், பிளாஸ்திரி ஒட்டுவார்கள், இரண்டு நாள் எம்.சி. எடுத்துப் படுப்பார்கள். பெரும்பாலும் அதில் ஆபத்தில்லை. கனமான பொருளைத் தூக்கியதாலோ, லோரியிலும் கணினி முன்பும் நெடுநேரம் உட்கார்ந்ததாலோ வரும் முதுகுவலியும் கழுத்துவலியும் சில வாரங்களில் தணிந்துவிடும். இதற்கு இரத்தம் எடுத்துப் பயனில்லை. தசைப்பிடிப்பும் டிஸ்க் விலகலும் இரத்தத்தில் தெரிவதில்லை.

ஆனால், எல்லா வலியும் இந்த வகையல்ல.

இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கும் மேலாக இடுப்பில் வலி. பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது. காலையில் முதுகு விறைத்துக் கிடக்கிறது. நடமாடத் தொடங்கி அரை மணி நேரத்துக்குப் பிறகே இளகுகிறது. ஓய்வெடுத்தால் வலி கூடுகிறது. "வேலைக்குப் போகச் சோம்பல்" என்று வீட்டில் சொல்வார்கள். மருத்துவரோ முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயைச் சந்தேகிப்பார்.

அப்போது கேட்கப்படுபவை இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள். முதலாவது மிக எளியது. மெல்லிய குழாயில் இரத்தத்தை நிறுத்தி வைத்து, 1 மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். ஆனால் முதுமை, கர்ப்பம், இரத்தசோகை ஆகியவற்றிலும் அந்த எண் உயரும். சி.ஆர்.பி. என்பது அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் புரதம். உடலில் எங்கோ நெருப்பு இருக்கிறது என்று இரண்டும் சொல்லும். எந்த அறையில் என்று சொல்லாது.

எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுப் பரிசோதனையும் உண்டு. இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கோ இந்நோய் வருவதே இல்லை! எனவே 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துக் கலங்க வேண்டாம். இரத்தம் சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. படம் தேவைப்படலாம்.

இங்கு மறக்கக்கூடாதது காசநோய். இருமலே இல்லாமல் அது முதுகெலும்பைத் தாக்கும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகியவற்றுடன் முதுகுவலி நீடித்தால் தாமதிக்கக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாதித்த இடத்தில் ஊசி வழியாகத் துளி சதையோ சீழோ எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஜீன்எக்ஸ்பர்ட் கருவி சில மணி நேரத்தில் கிருமியைக் காட்டிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரங்கள் ஆகும்.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஓயாத எலும்புவலி, கூடவே இரத்தசோகை என்றால் கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, இரத்தப் புரதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மைலோமா என்னும் புற்றுநோய் இப்படித்தான் பலருக்குத் தெரியவருகிறது.

யூரிக் ஆசிட் பரிசோதனையை மட்டும் முதுகுவலிக்காகக் கேட்டு வாங்காதீர்கள். கவுட் கால் விரலைப் பிடிப்பதுபோல முதுகெலும்பைப் பிடிப்பது அரிது. எண் சற்றுக் கூடியிருந்தால் பழி அதன்மேல் விழுந்து, உண்மையான காரணம் மறைந்துபோகும்.

முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால்கள் வலுவிழந்தாலோ எந்த அறிக்கைக்கும் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலும் அப்படியே.