வந்து தங்கிப் படித்தவர்கள்

மதுரை கோரிப்பாளையம் சிக்னலுக்குப் பக்கத்து டீக்கடை ஒன்றில், சில வருடங்களுக்கு முன், ஒரு வெளிநாட்டு மாணவரைப் பார்த்தேன். கையில் ஒரு கோடுபோட்ட நோட்டு. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்றும் வலப்பக்கம் ‘போயிட்டிருக்கேன்’ என்றும் எழுதியிருந்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். “தம்பி, அது மெட்ராஸ் பேச்சு. நம்ம ஊர்ல ‘போய்க்கிட்டிருக்கேன்’னு சொல்லணும்” என்றார். மாணவர் சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தினார்.

இப்படி நோட்டோடு வருகிறவர்களை மதுரை பல காலமாகப் பார்த்து வருகிறது. இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டது. அதன் தமிழ் கற்பிக்கும் மையம் இருப்பது மதுரையில்தான். இந்தியாவும் அமெரிக்காவும் 1950-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு வந்தது ஃபுல்பிரைட் உதவித்தொகை. 2008 முதல் அதற்கு ஃபுல்பிரைட்–நேரு என்று பெயர். இரண்டு நாட்டு அறிஞர்களும் இதன் மூலம் அங்குமிங்குமாகப் போய் வருகிறார்கள்.

இப்படி வந்து தங்கி ஆராயக் கிடைக்கும் உதவியை வருகைதரு ஆய்வு நல்கை என்று சொல்கிறோம். விஷயம் எளிமையானது. ஒரு ஆராய்ச்சி மையம், வேறு ஊரிலிருந்து ஓர் அறிஞரை அழைத்து, சில மாதமோ ஒரு வருடமோ தங்க இடம், உட்கார ஒரு மேசை, நூலக அனுமதி, செலவுக்குப் பணம் எல்லாம் தருகிறது. வகுப்பு எடுக்க வேண்டாம், விடைத்தாள் திருத்த வேண்டாம். எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியைச் செய்ய வேண்டும். மற்ற அறிஞர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். சிம்லாவில் வைஸ்ராய் வாழ்ந்த மாளிகையில் 1965-ல் தொடங்கிய இந்திய உயராய்வு நிறுவனம் இந்த வேலையைத்தான் செய்கிறது. 1981-ல் தொடங்கிய பெர்லின் உயராய்வு மையத்தில், வந்திருக்கும் அறிஞர்கள் சேர்ந்து சாப்பிடுவதே ஒரு விதி. பேச்சு சாப்பாட்டு மேசையில்தான் பிறக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மேடைத் தமிழைத் தேடி வந்தவர்

மதுரைக்கு வந்தவர்களில் என் மனதை விட்டு நீங்காதவர் பெர்னார்ட் பேட். 1990களில் இங்கே தங்கி, அரசியல் கூட்டங்களுக்குப் போய், மேடைப் பேச்சைக் கேட்டுக்கேட்டு ஆராய்ந்தவர். நாமெல்லாம் காதில் வாங்கிக் கலைந்துபோன பேச்சுகள் அவருக்குப் பாடமாயின. அந்த ஆய்வு 2009-ல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பாகப் புத்தகமானது. மேடையில் முழங்கும் செந்தமிழ் ஏதோ பழங்காலத்திலிருந்து அப்படியே வந்ததல்ல. திராவிட இயக்கத்தார் இருபதாம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த நவீன கலை அது என்று அவர் காட்டினார். டீக்கடை நோட்டின் இரண்டு பக்கங்களுக்கும் இடையே உள்ள அரசியலை அவர் எழுதினார் என்று சொல்லலாம்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் ஆழமானது. ஊர்ச் சனத்தைக் கூட்டி, எல்லோரையும் பார்த்துப் பொதுவாகப் பேசுவது என்ற வழக்கம் தமிழில் எப்போது வந்தது? அதன் வேரை அவர் சீர்திருத்தக் கிறிஸ்தவ மிஷனரிகளின் பிரசங்கங்களில் கண்டார். அங்கிருந்து யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் சைவப் பிரசங்கம், பிறகு தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய சுதேசிக் கூட்டங்கள் என்று அந்தத் தடம் நீள்கிறது.

இந்தத் தடம் கோரிப்பாளையத்தையும் தொடுகிறது. 1881-ல் பசுமலையில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்த அமெரிக்கன் கல்லூரியின் நூலகம் மிஷனரி டேனியல் பூர் பெயரைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1823-ல் தொடங்கிய உயர்கல்விக்கூடத்தை நடத்தியவர் பூர். 1830களில் மதுரைக்கு வந்து பள்ளிகள் திறந்தார். பேட் தேடிய கதையின் ஒரு முனை இந்தச் செங்கல் கட்டடங்களுக்குள் இருக்கிறது.

அந்தக் கதையை இன்னொரு புத்தகமாக எழுதி முடிக்க, ஸ்டான்ஃபோர்ட் மானுடப் புலங்கள் மையம் பேட்டுக்கு வருகைதரு நல்கை கொடுத்தது. அங்கே இருந்தபோதுதான், 2016 மார்ச்சில், திடீரென்று காலமானார். கையெழுத்துப்படி பாதியில் நின்றது. இ. அண்ணாமலை, பிரான்சிஸ் கோடி உள்ளிட்ட நால்வர் அதைத் திருத்திச் செம்மையாக்கி 2021-ல் வெளியிட்டார்கள். ஓர் அறிஞருக்குக் கிடைத்த ஒரு வருட அவகாசமும் அவரைச் சுற்றி இருந்த மனிதர்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி.

பேட் மட்டுமல்ல. சாரா டிக்கி இங்குள்ள எளிய மக்களின் சினிமா ரசனையை ஆராய்ந்து 1993-ல் புத்தகம் எழுதினார். சூசன் சைசர் மதுரை நாடக நடிகர்களோடு பழகி, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் வாழ்க்கையை 2005-ல் நூலாக்கினார். நம் ஊர் நாடகக்காரர்கள் சுமந்த அவமானத்தையும் அவர்களுடைய கலையையும் உலகம் அறிந்தது அப்படித்தான்.

போனவர்களும் உண்டு

இது ஒருவழிப் பாதை அல்ல. மதுரையில் ஆங்கிலம் கற்பித்த ஏ.கே. ராமானுஜன் 1959-ல் ஃபுல்பிரைட் பெற்று அமெரிக்கா போனார். பிறகு சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் சிக்கியது. அதன் விளைவாக 1967-ல் வந்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு, சங்கக் கவிதையை உலக வாசகர் வீட்டுக்குள் கொண்டுபோனது.

புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பாடம் சொல்கிறது. வையையைப் பாடும் பரிபாடலை பிரான்சுவா குரோ அங்கிருந்துதான் பிரெஞ்சில் பெயர்த்தார், வெளிவந்தது 1968-ல். அவரும் பண்டிதர் தி.வே. கோபாலையரும் சேர்ந்து பதிப்பித்த தேவாரம் 1984 முதல் வெளிவந்தது. புத்தகத்தின் முகப்பில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. வெளியூர் அறிஞரின் பயிற்சியும் உள்ளூர்ப் பண்டிதரின் படிப்பும் சமமாக உட்கார்ந்த இடம் அது. நாம் பின்பற்ற வேண்டியது அந்த வழியைத்தான்.

இனி மதுரை செய்ய வேண்டியது

1981-ல் இங்கே நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் அறிவிக்கப்பட்ட உலகத் தமிழ்ச் சங்கத்துக்கு, 2016-ல் தங்கராஜ் சாலையில் கட்டடம் திறந்தார்கள். கோரிப்பாளையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். 2023-ல் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்துவிட்டது. அதே ஆண்டு கீழடியில் அருங்காட்சியகமும். நூல் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. அறிஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய நிலையான, தாராளமான நல்கைகளை இந்த ஊர் தர வேண்டும்.

மலேசியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பாரிஸிலிருந்தோ ஒருவர் வந்தால், அவரோடு இணைந்து வேலை செய்ய உள்ளூர் ஆய்வாளர் ஒருவருக்கும் அதே தொகை கொடுங்கள். நம் கல்லூரிகளில் பகுதிநேரச் சம்பளத்தில் காலம் தள்ளும் எத்தனையோ இளைஞர்களிடம் நல்ல ஆய்வு இருக்கிறது. அதை எழுத நேரம்தான் இல்லை. ஒரு வருடம் கிடைத்தால் அவர்கள் எழுதுவார்கள்.

இன்னொன்றும் வேண்டும். வந்தவர் ஊர் திரும்புமுன், தாம் கண்டதை ஒரு மாலை, உலகத் தமிழ்ச் சங்க அரங்கில், தமிழில் சொல்லட்டும். அன்றைக்குக் கடையைச் சற்று முன்னதாகவே சாத்திவிட்டு டீக்கடை அண்ணனும் வரட்டும். அவர் திருத்திக் கொடுத்த சொல் அந்த ஆய்வில் இருக்கிறது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.