மாணவனின் கேள்விக்கு ஒரு லட்சம்

சங்காரெட்டியை அடுத்த கந்தியில், மும்பை நெடுஞ்சாலையின் ஓரமாகப் பரந்து கிடக்கும் ஹைதராபாத் ஐ.ஐ.டி., 2021-ஆம் ஆண்டில் தன் மாணவர்களை நோக்கி, உங்கள் மனத்தில் உதித்த யோசனையை ஒரு மாதிரிக் கருவியாகச் செய்து பார்ப்பதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறோம் என்று சொல்லிற்று. அத்திட்டத்துக்கு ‘பில்ட்’ என்று பெயர். லட்சம் ரூபாய் என்பது பெரிய ஆராய்ச்சிக்கூடங்களின் வரவு செலவில் ஒரு மூலையில் அடங்கிவிடும் தொகைதான். என்றாலும் பட்டப்படிப்பையே முடித்திராத ஓர் இளைஞன், தான் கேட்ட கேள்விக்குத் தானே விடை தேடட்டும் என்று நம்பிக் கொடுக்கப்படுவது என்ற வகையில், நம் தேசத்தில் அது அபூர்வமான பணம்.

மாணவனுக்குப் பணம் என்றாலே நாம் உபகாரச் சம்பளத்தைத்தான் நினைக்கிறோம்; அது மதிப்பெண்ணைப் பார்த்தோ வீட்டு வறுமையைப் பார்த்தோ கிடைப்பது. அதிலிருந்து ஓர் அடி முன்னே வந்தது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர்’ திட்டம். அடிப்படை அறிவியல் பயிலும் மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 60,000 அவர் கையில் சேர, எஞ்சிய 20,000-ஐக் கோடை விடுமுறையில் ஒரு விஞ்ஞானியின்கீழ் ஆய்வு செய்வதற்கென்று ஒதுக்கினார்கள். 1999-இல் தோன்றிய ‘கிஷோர் வைக்ஞானிக் ப்ரோத்ஸாஹன் யோஜனா’ என்ற அறிவியல் உதவித்தொகைத் திட்டமும் (பெயரை உச்சரித்து முடிப்பதே ஒரு தேர்வு) 2022-இல் இதனோடு கலந்துவிட்டது. நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து கொடுக்கும் கோடைகால உதவியைப் பெற்று, ஹைதராபாத் ஹப்சிகூடாவிலுள்ள சி.சி.எம்.பி. (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) போன்ற ஆய்வகங்களில் இரண்டு மாதம் தங்கிப் பயில வரும் பிள்ளைகளும் உண்டு.

இவையெல்லாம் ஒருவகைக் குருகுலவாசம். பிப்பெட்டைப் பிடிக்கக் கை பழகுவதும், கெட்டுப்போன பரிசோதனையை மறுநாள் காலையில் முகம் சுளிக்காமல் மீண்டும் தொடங்கும் பொறுமை வருவதும் அங்கேதான். அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அங்கே கேள்வி விஞ்ஞானியுடையது, கைதான் மாணவனுடையது. அமெரிக்காவில், உடனடிப் புகைப்படக் காமிராவைக் கண்டுபிடித்த எட்வின் லாண்ட், கல்லூரிக்குள் நுழைந்த நாள் முதலே மாணவன் உண்மையான ஆராய்ச்சியில் ஈடுபட வேண்டும் என்று 1957-இல் எம்.ஐ.டி.யில் பேசியதும், அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டு மார்கரெட் மக்விகார் 1969-இல் அங்கே இளங்கலை மாணவர்களுக்கான ஆராய்ச்சித் திட்டத்தை நிறுவியதும் இந்த இடைவெளியை உத்தேசித்தே. நம் பக்கத்திலும் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1977 முதல் பொறியியல் மாணவர்களின் திட்டங்களுக்குச் சிறு தொகை அளித்து வருகிறது.

தெலங்கானாவின் அரசுப் பட்டக் கல்லூரிகளில் நடக்கும் ‘ஜிஜ்ஞாஸா’ என்ற முயற்சி இவற்றைவிட எளிமையானது; எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். அறியவேண்டும் என்னும் வேட்கை என்பது அச்சொல்லின் பொருள். பிரம்ம சூத்திரத்தின் முதல் சூத்திரத்திலேயே வருகிற அந்த மகத்தான சொல்லை அரசாங்க இலாகா ஒன்று எடுத்து ஆண்டிருப்பது சந்தோஷந்தான். சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்த மாணவர்கள், ஓர் ஆசிரியரின் துணையோடு ஒரு விஷயத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதி, மாநில அளவு வரை போட்டிக்கு வருகிறார்கள். கருவிகள் அதிகமில்லாத இந்தக் கல்லூரிகளில் கேள்விகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. நல்கொண்டா மாவட்டத்தில் பிறந்த பெண்ணுக்கு நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடு பாடப்புத்தகச் செய்தி அன்று. அந்த நீரால் முதுகு வளைந்து, கைத்தடியூன்றித் திண்ணைக்கும் அடுப்படிக்கும் நடக்கும் பாட்டியின் சரித்திரம். அந்தப் பெண் பத்துக் கிணறுகளின் நீரைப் புட்டிகளில் எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமென்றால், பஸ் கட்டணமும் புட்டி விலையும் பரிசோதனைக்கூடக் கட்டணமும் வேண்டும். போட்டியில் வென்ற பிறகு கிடைக்கும் பரிசைக் கொண்டு போட்டிக்கு முந்திய செலவைச் செய்ய முடியாது.

கலைகளின் நிலை இன்னும் வறட்சி. மத்திய பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவியளிக்கிறது. ஆனால் அது குருவிடம் கற்றதை மேலும் சாதகம் செய்வதற்கு. புதிதாக ஒரு நாடகம் எழுதி மேடையேற்றிப் பார்க்கிறேன் என்கிற பி.ஏ. மாணவிக்கு அதில் இடமில்லை. அவள் நண்பர்களிடம் வசூல் செய்துகொள்ள வேண்டியதுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வகுத்த நான்காண்டுப் பட்டப்படிப்பில், நான்காம் ஆண்டை ஆராய்ச்சியோடு முடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதில் கிரெடிட்டுக்குத்தான் கணக்கு, பணத்துக்கு இல்லை.

பணம் கிடைத்தவர்கள் படும் பாட்டையும் பார்க்க விரும்புகிறவர்கள், ஒரு சனிக்கிழமை மாலை ஹைதராபாத் கோட்டியிலுள்ள குஜராத்தி கல்லிக்குப் போகலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய அந்தச் சந்தில், மோட்டாரும் சென்சாரும் ஈயச்சுருளும் பிளாஸ்டிக் தட்டுகளில் குவிந்து கிடக்க, கையில் கசங்கிய பட்டியலோடு கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள். கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிப் போட்டு விலையைச் சொல்வார். அது கச்சா பில். கல்லூரிக் கணக்கர் அதை ஏற்கமாட்டார். பக்கா பில் என்றால் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் வரி ஏறும். அதையும் முதலில் தன் கைக்காசில் கொடுத்துவிட்டு, பில்லை அலுவலகத்தில் ஒப்படைத்து, பல மேஜைகளில் கையெழுத்தாகித் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுவதும் உண்டு.

சரி என்று மாணவன் பக்கா பில்லே கேட்கிறான். கடைக்காரர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, யார் பெயருக்கு, ஜி.எஸ்.டி. எண் என்ன என்று விசாரிக்கிறார். பையன் சற்று விழித்துவிட்டு, கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்கிறான். சனிக்கிழமை மாலையல்லவா, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.